விறகடுப்பை விட்டு 4 ஆண்டுகள் ஆன பிறகும் அம்மாவுக்கு நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

முதுகுளத்தூரான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. பீடி, சுருட்டு, புகையிலை எதையும் தொட்டறியாதவர். வெற்றிலை போடும் பழக்கம்கூட இல்லை. திருமணமாகி வந்த நாளிலிருந்து ஏறக்குறைய 35 ஆண்டுகள் சீமைக்கருவேல விறகிலும் வறட்டியிலும் சமைத்தவர். எங்கள் அடுப்படி ஓட்டுக்கூரை போட்டது. ஒரே ஒரு சன்னல், அதுவும் ஐப்பசி பிறந்தால் தை வரை சாத்தியே கிடக்கும். விறகு ஈரமாக இருக்கும் நாட்களில் ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து இருமுவதைச் சிறுவயதில் தினமும் பார்த்திருக்கிறேன். உத்தரத்தில் தொங்கும் ஒட்டடைகூட எங்கள் வீட்டில் கறுப்பாகத்தான் இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எரிவாயு இணைப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் மூன்று முறை நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்று முறையும் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது வலது நுரையீரலின் நடு மடலில்தான். கடைசி முறை மூச்சை ஊதச் செய்யும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்து, இது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. என்றார்கள். "புகை பிடிப்பவர்களுக்கு வருகிற நோய் ஆயிற்றே" என்று உறவினர்கள் ஒரு மாதிரியாகக் கேட்க, அம்மா கூனிக் குறுகிப் போனார்.

எனக்குப் புரியாதது இதுதான். புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பது விளங்குகிறது. ஆனால் கிருமித் தொற்று ஏன் இப்படித் துரத்துகிறது? புகைக்கும் நோய் எதிர்ப்புக்கும் என்ன தொடர்பு? அடுப்பை மாற்றிய பிறகும் ஏன் நிற்கவில்லை? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

சுண்ணக்கட்டி

வணக்கம் தம்பி. மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். ஆகவே சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் முதல் கேள்விக்கு மட்டும், வகுப்பில் சொல்வதைவிடச் சற்று விரிவாகவே விடை தருகிறேன்.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்கின்றன. விறகுப் புகையின் துகள்களில் பெரும்பகுதி 1 மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இத்துகள்கள் எந்த வாசலிலும் தடுக்கப்படாமல் காற்று நுண்ணறைகள் வரை போய்ச் சேர்வதில் வியப்பில்லை. போகும் வழியில் இரண்டு இடங்களில் இவை சேதம் விளைவிக்கின்றன.

முதல் இடம் மூச்சுக்குழாயின் உட்சுவர். அங்குள்ள பெரும்பாலான செல்கள் ஒவ்வொன்றின் மீதும் சிலியா எனப்படும் நுண்மயிர்கள் 200 அளவில் நின்று, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே திசையில் அசைந்து, மேலே படர்ந்திருக்கும் சளிப்படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சளியில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் நாம் அறியாமலேயே விழுங்கிவிடுகிறோம். விறகுப் புகையில் உள்ள அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும் இந்த நுண்மயிர்களின் அசைவை மந்தமாக்குகின்றன; ஆண்டுக்கணக்கில் புகை தொடர்ந்தால் நுண்மயிர்ச் செல்களே உதிர்ந்து, அவை இருந்த இடத்தில் சளி சுரக்கும் செல்கள் பெருகிவிடுகின்றன. சளி கூடுகிறது, அதைத் தள்ளும் கை குறைகிறது. விடியற்காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமினால்தான் நெஞ்சு லேசாகிறது என்று உங்கள் அம்மா சொல்வாராயின், நுண்மயிர்கள் செய்ய வேண்டிய வேலையை இருமல் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் இடம் நுண்ணறை. அங்கே சிலியா கிடையாது. காவலுக்கு இருப்பவை மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள். இவை கிருமியைக் கண்டால் விழுங்கி, தம்முள்ளே ஒரு பையில் அடைத்து, ஆக்சிஜன் சேர்மங்களாலும் நொதிகளாலும் தாக்கிக் கொல்கின்றன. கரித்துகளையும் அப்படியே விழுங்குகின்றன. ஆனால் கரியைச் செரிக்கும் நொதி பெருவிழுங்கியிடம் இல்லை. விழுங்கிய கரி உள்ளேயே தங்கும். அந்தச் செல் இறந்தால் கரி வெளியே சிந்தும். இன்னொரு செல் வந்து அதை விழுங்கும். உங்கள் வீட்டு ஒட்டடையைப் பற்றி எழுதியிருந்தீர்கள் அல்லவா? விறகுப் புகையில் வாழ்ந்தவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், பெருவிழுங்கிகளின் வயிற்றிலும் அதே கறுப்பு திட்டுத் திட்டாகத் தெரியும்.

வயிறு நிறைந்த காவலாளி திருடனைத் துரத்தமாட்டான் என்பது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் வீட்டுப் புகைக்கு உட்பட்டவர்களின் நுரையீரலிலிருந்து பெருவிழுங்கிகளை எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். கரிச்சுமை ஏறிய செல்களில், விழுங்கியதைக் கொல்லும் ஆக்சிஜன் தாக்குதல் தணிந்திருந்தது. ஆய்வகத்தில் புகைத்துகளுக்கு உட்படுத்தியபோது, நிமோனியாவுக்கு முதன்மைக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமியையும் காசநோய்க் கிருமியையும் அவை குறைவாகவே விழுங்கின.

இன்னும் ஒன்று உண்டு. நகரக் காற்றின் நுண்துகள்களைக் கொண்டு செய்த சோதனைகளில், துகள் பட்ட மூச்சுக்குழாய்ச் செல்கள் தம் மேற்பரப்பில் ஒருவகை ஏற்பியை (வெளிப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம்) கூடுதலாக வெளிக்காட்டியதும், நியூமோகாக்கஸ் அந்த ஏற்பியையே கைப்பிடியாகக் கொண்டு செல்லுக்குள் நுழைந்ததும் தெரியவந்தது. காவலும் தளர்கிறது, கதவின் தாழும் விலகுகிறது.

இதனோடு நியூட்ரோபில்களின் கதையும் சேர்கிறது. தொற்றை அடக்க ஓடிவரும் இந்த வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது கிருமியோடு நிற்காமல் நுரையீரலின் மீள்நாரையும் அரிக்கும். சாதாரணமாக ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் அதற்குக் கடிவாளம் போடுகிறது. புகையிலுள்ள ஆக்சிஜனேற்றிகள் அந்தப் புரதத்தையே செயலிழக்கச் செய்கின்றன. ஆக, ஒவ்வொரு தொற்றும் சுவரை இன்னும் கொஞ்சம் சிதைத்துவிட்டுப் போகிறது. சிதைந்த சுவரில் அடுத்த தொற்று எளிதாகக் குடியேறுகிறது. அடுப்பை அணைத்ததும் இந்தச் சுழல் தானாக அணைந்துவிடாது. புகைபிடிப்பதை நிறுத்திய சி.ஓ.பி.டி. நோயாளிகளின் மூச்சுக்குழாயிலும் அழற்சி தொடர்வதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறார்கள்.

---

வைகைக்கரை

எங்கள் பாட்டி 88 வயது வரை விறகடுப்பில்தான் சமைத்தார். ஒரு நாள்கூட மருத்துவமனை வாசலை மிதித்ததில்லை. எரிவாயு வந்த பிறகுதான் எல்லா நோயும் வந்தது என்பது என் கருத்து.

---

தரவுப்பித்தன்

வைகைக்கரை அவர்களே, உங்கள் பாட்டியைப் போன்றவர்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அதே அடுப்படியில் 50 வயதில் மூச்சிரைத்து, "இழுப்பு" என்ற ஒரே சொல்லோடு போய்ச் சேர்ந்த மற்றப் பாட்டிகளைக் கணக்கில் எடுக்க நம்மிடம் ஆள் இல்லை, அவ்வளவுதான். வீட்டுப் புகையால் 2020-இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு.

சுண்ணக்கட்டி ஐயா எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வகத்தில் செல்களுக்கு நடப்பதை வைத்துக்கொண்டு, அடுப்பை மாற்றினால் தொற்று குறையும் என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில், அந்தக் கோட்டைப் போட முயன்று நாங்கள் கையைச் சுட்டுக்கொண்ட கதையையும் சொல்ல வேண்டும்.

குவாத்தமாலாவின் மலைக் கிராமங்களில் திறந்த அடுப்புக்குப் பதிலாகப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தது. ஆனால் மருத்துவர் உறுதி செய்த நிமோனியாவில் தெரிந்த குறைவு, தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்குள்ளேயே இருந்தது. கடுமையான நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலாவியில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து, விசிறி பொருத்திய மேம்பட்ட விறகடுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். நிமோனியாவில் வேறுபாடே இல்லை. சரி, விறகையே விட்டுவிட்டு எரிவாயுவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஹாப்பின் என்ற பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் நம் விழுப்புரமும் நாகப்பட்டினமும்தான். அடுப்பும் 18 மாதங்களுக்கான எரிவாயுவும் இலவசம். கர்ப்பிணிகள் சுவாசித்த பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளின் அளவு, விறகுக் குழுவில் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தபோது, எரிவாயுக் குழுவில் 24 அளவுக்கு இறங்கியது. இவ்வளவு இறங்கியும், பிறப்பு எடையிலோ ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடுமையான நிமோனியாவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் புகை நல்லதுதானே" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. 24 என்பது இறங்கிய அளவுதான். உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 5. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் தரநிலையோ 40 வரை அனுமதிக்கிறது. மேலும் இவையெல்லாம் கைக்குழந்தைகளைப் பற்றியவை. தடுப்பூசியும் ஊட்டமும் தாய்ப்பாலும் ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்கும் குழந்தையின் கதையும், 35 ஆண்டுகள் கரி விழுங்கிய நுரையீரலின் கதையும் ஒன்றாகா.

பெரியவர்களைப் பற்றிய நல்ல சான்று சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள சுவான்வெய் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே மக்கள் வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாத குழியடுப்பில் நிலக்கரி எரித்து வந்தார்கள். 1970-களின் நடுவிலிருந்து புகைபோக்கி வைத்த அடுப்புக்குப் பலர் மாறினார்கள். மாறியவர்களையும் மாறாதவர்களையும் ஒப்பிட்டபோது, மாறியவர்களிடம் சி.ஓ.பி.டி. குறைந்திருந்தது, பெரியவர்களின் நிமோனியா மரணமும் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. முதுகுளத்தூரான் கவனிக்க வேண்டியது, சி.ஓ.பி.டி.யின் குறைவு ஐயத்துக்கு இடமின்றித் தெரிவதற்கு, அடுப்பை மாற்றிய பின் சுமார் 10 ஆண்டுகள் பிடித்தன என்பதைத்தான். நான்கு ஆண்டுகள் போதாமல் இருப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் அல்ல.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது?

---

முதுகுளத்தூரான்

சுண்ணக்கட்டி ஐயாவுக்கும் தரவுப்பித்தன் அவர்களுக்கும் நன்றி. சிலிண்டரைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு வந்தது. ஆனால் ஊருக்குத் தொலைபேசியில் பேசிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று நான்கு மாதத்துக்கு மேல் வருகிறதாம். வீட்டில் அம்மா, அப்பா, அண்ணன் குடும்பம் என ஆறு பேர். காப்பியும் குழம்பும் தாளிப்பும் எரிவாயுவில் நடக்கின்றன. சோறு வடிப்பதும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைப்பதும், எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் போடுவதும் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் மூன்று கல் அடுப்பில்தான். "விறகு சும்மா கிடைக்கிறது, அதை எதற்கடா வீணாக்குவது" என்கிறார் அம்மா. சாயங்காலம் கொசுவுக்காக வேப்பிலைப் புகையும், இரவில் கட்டிலடியில் கொசுவர்த்திச் சுருளும் வேறு.

அடுப்பை மாற்றிவிட்டேன் என்று நான்கு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன்.

---

தரவுப்பித்தன்

இதை எதிர்பார்த்தேதான் கேட்டேன். பழைய அடுப்பின் பக்கத்தில் புது அடுப்பும் சேர்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது, பழையது வெளியேறுவதில்லை. 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு போய்ச் சேர்ந்தது உண்மை. இணைப்பு எண்ணிக்கையை வைத்துப் புகை ஒழிந்தது என்று அறிக்கை எழுதுவோரிடம் எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு. காற்றில் கலக்கும் துகளின் அளவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு நேர்விகிதமாக ஓடுவதில்லை. மேல்மட்டத்தில் பாதியைக் குறைத்தால் கிடைக்கும் பயன் சிறிது. அடிமட்டத்தில் மிச்சமிருப்பதைக் குறைக்கும்போதுதான் பயன் வேகமாகக் கூடுகிறது. ஆகவே ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் எரியும் வெந்நீர் அடுப்பைச் சில்லறை என்று தள்ளிவிட முடியாது. தாழ்வாரம் என்பது சுவர் குறைவான அறைதான். குனிந்து ஊதுபவரின் முகத்துக்கு நேரே வரும் புகைக்கு அது வெளியிடம் ஆகாது.

---

இரவுப்பணி

நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியர். உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது, மூன்று முறையும் வலது நடு மடலில் நிழல் என்ற வரி. பொறியியல் படித்தவர் போலக் குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள், அது நல்லதாயிற்று.

ஒரே இடத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால், அந்த மடலுக்குப் போகும் குழாயில் ஏதோ அடைப்போ சுருக்கமோ இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நெடுங்காலம் விறகுப் புகையில் இருந்த பெண்களிடம் ஆந்த்ரகோஃபைப்ரோசிஸ் என்றொரு நிலையைப் பார்க்கிறோம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் மை தெளித்தாற்போல் கரி படிந்து, அந்த இடம் தழும்பாகிச் சுருங்கிவிடும். வலது நடு மடலின் குழாய் அதற்கு அதிகம் இலக்காகிறது. புற்றுநோயோ என்று பயந்து குழாய்நோக்கியை உள்ளே விட்டுப் பார்த்தால் கறுப்புத் தழும்பாக இருக்கும். உங்கள் அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்ரே மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய், சி.டி. ஸ்கேனும் பிராங்கோஸ்கோப்பி எனப்படும் அந்தக் குழாய்நோக்கிச் சோதனையும் தேவையா என்று நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள். இந்த நிலையோடு காசநோய் சேர்ந்தே இருப்பதும் உண்டு என்பதால், சளியை ட்ரூநாட் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அரசு நிலையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது. காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும், எச்சிலாக இருந்தால் பயன் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்காமல் டப்பாவை மட்டும் கையில் கொடுத்தனுப்புவதைப் பல இடங்களில் பார்த்து அலுத்துப் போயிருக்கிறேன்.

அடுத்து இன்ஹேலர். அம்மாவுக்குக் கொடுத்திருப்பதில் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்துமாவுக்கு அது இன்றியமையாதது, சி.ஓ.பி.டி.யில் சிலருக்கு நல்ல பயன் தரும், சிலருக்கு நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டும். ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் நிமோனியா வருகிறவருக்கு அது வேண்டுமா என்று மருத்துவர் மறுபடி யோசிக்க இடமுண்டு. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கேள்வியாக எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டு இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வயதானவர்கள் பலர் மருந்தை அழுத்துவதற்கும் மூச்சை இழுப்பதற்கும் இசைவில்லாமல் பாதியை நாக்கிலேயே பூசிக்கொள்கிறார்கள்; ஸ்பேசர் குழல் வைத்து இழுத்தால் மருந்து உள்ளே போகும்.

இன்ஃபுளுயன்சா தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது. நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் இவரைப் போன்றவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதே. சுண்ணக்கட்டி ஐயா சொன்ன பெருவிழுங்கியின் கோணத்திலிருந்து பார்த்தால் இதன் பயன் விளங்கும்: தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டால், மந்தமான விழுங்கிக்கும் அதைப் பிடிப்பது எளிதாகிறது.

முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணெரிச்சல் சற்றுக் குறையலாம்; 1 மைக்ரான் துகளைச் சேலைத்துணி பிடிக்காது. என்-95 முகக்கவசம் பிடிக்கும், ஆனால் ஏற்கெனவே மூச்சிரைக்கும் 63 வயதுப் பெண் அதை மாட்டிக்கொண்டு அடுப்பின் முன் உட்காருவார் என்று நான் நம்பமாட்டேன். வெந்நீருக்கு வேறு வழி பாருங்கள். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை.

---

வைகைக்கரை

பாட்டிக்குக் கடைசி காலத்தில் மார்கழி மாதம் முழுக்க இருமல் இருந்ததாக அம்மா இப்போது சொல்கிறார். நான் மறந்துவிட்டேன். சிறுவனாக இருந்தபோது அதைக் குளிர் என்று சொல்லி விட்டுவிட்டோம்.

---

முதுகுளத்தூரான்

இரவுப்பணி அக்காவுக்கு நன்றி. இன்ஹேலரின் உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்; ஸ்டீராய்டு சேர்ந்ததுதான். எக்ஸ்ரே மூன்றில் ஒன்று பரணில் இருக்கிறது, இரண்டு அண்ணன் பீரோவில். வரும் வியாழக்கிழமை மதுரைக்கு அழைத்துப் போகிறேன்.

வெந்நீருக்குக் கூரையில் சூரிய வெப்பக் கலன் வைக்கலாம் என்று அண்ணனிடம் பேசினேன். ஓட்டுக்கூரை தாங்காது என்கிறான். தொட்டியை மாட்டுக் கொட்டகையின் கான்கிரீட் தளத்தில் வைத்துக் குழாய் இழுக்கலாமா என்று கொத்தனாரைக் கேட்டிருக்கிறோம். பருத்திக்கொட்டையை வேகவைக்காமல் இரவே ஊறப்போட்டு ஆட்டுரலில் அரைத்துக் கொடுத்தால் மாடு தின்னும் என்று அப்பா ஒப்புக்கொண்டார். சோறு மட்டும்தான் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது; விறகில் வடித்த சோற்றின் மணம் எரிவாயுவில் வராது என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்.